இரவில் கால் குடைந்தாலும் பகலில் கணக்குத் தப்பாமல் இருக்க

பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறேன். ரெஸ்ட்லெஸ் லெக்ஸ் சிண்ட்ரோம் என்று டாக்டர்கள் சொல்லும் கால் குடைச்சல் எனக்குப் பல வருடங்களாக உண்டு. இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் காலைப் பற்றிப் பேசுகிறார்கள், தூக்கத்தைப் பற்றிப் பேசுகிறார்கள், அதோடு முடித்துக்கொள்கிறார்கள். மறுநாள் பில்லைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்த எண்ணையே திரும்பத் திரும்பப் பார்க்கிறோமே, அந்தத் தலையைப் பற்றி யாரும் கேட்பதில்லை. வீட்டில் "மறதி வந்துடுச்சு" என்கிறார்கள். நமக்கும் உள்ளூர பயம் பிடித்துக்கொள்கிறது. அந்தப் பயத்தில் எவ்வளவு நியாயம் இருக்கிறது, தலையைக் காப்பாற்றிக்கொள்ள என்ன செய்யலாம் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். என்னைப் போல எண்ணோடு மல்லுக்கட்டுகிறவர்களுக்கு, தையல் கடையில் அளவு எடுக்கிறவர்களுக்கு, துறைமுகத்தில் கன்டெய்னர் நம்பர் குறிக்கிறவர்களுக்கு, பரீட்சை பேப்பர் திருத்துகிற டீச்சர்களுக்கு இது கூடுதலாக உதவும்.

முதலில் இதுதானா என்று பாருங்கள்

கால் வலி எல்லாம் இந்த நோய் அல்ல. காலை அசைத்தே ஆக வேண்டும் என்ற தவிப்பு வர வேண்டும். அது உட்கார்ந்தால் அல்லது படுத்தால்தான் கிளம்பும். எழுந்து நடந்தால், நீட்டி மடக்கினால், அந்த நேரத்துக்காவது விட்டுவிடும். பகலைவிடச் சாயங்காலமும் ராத்திரியும் மோசமாக இருக்கும். அப்புறம், வேறு எந்தக் காரணத்தாலும் இதை விளக்க முடியாது என்று இருக்க வேண்டும். தூக்கத்தில் திடீரென ஆடுசதை கல்லாக இறுகி வலிக்கிறதா? அது சதைப்பிடிப்பு. சர்க்கரை நோயில் பாதம் எரிவதும் மரத்துப்போவதும் நடந்தாலும் போகாது; அது நரம்புப் பாதிப்பு. இவையும் கால் குடைச்சலும் ஒரே ஆளுக்குச் சேர்ந்து வருவதும் உண்டு, அதனால் நீங்களாக முடிவு கட்டாதீர்கள்.

என் அம்மாவுக்கும் இது இருந்தது. ராத்திரி பாய் விரித்ததும் "காலை மிதிச்சு விடும்மா" என்பார். நானும் தம்பியும் சுவரைப் பிடித்துக்கொண்டு அவர் ஆடுசதையில் மாற்றி மாற்றி ஏறி நிற்போம். "இன்னும் அழுத்தி, இன்னும் அழுத்தி" என்பார். எங்கே வலிக்கிறது என்று கேட்டால், "வலி இல்லடி, உள்ளுக்குள்ள குடையுது" என்பார். உங்கள் வீட்டிலும் பெரியவர்கள் யாராவது இப்படிக் கால் மிதிக்கச் சொல்லியிருந்தால் அதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். இது குடும்பத்தில் தொடர்ந்து வருவது அதிகம். 2007-ல் இதோடு சம்பந்தப்பட்ட மரபணுக்களையே கண்டுபிடித்திருக்கிறார்கள். ஆண்களைவிடப் பெண்களுக்குத்தான் அதிகம் வருகிறது. கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் புதிதாகத் தலைகாட்டி, பிரசவத்துக்குப் பிறகு பெரும்பாலும் போய்விடும்.

'நரம்புத் தளர்ச்சி', 'மனசுல ஏதோ கவலை' என்று சொல்லி இதை ஒதுக்குகிறவர்களுக்கு ஒரு தகவல்: தாமஸ் வில்லிஸ் என்ற ஆங்கில மருத்துவர் 1672-லேயே இதை எழுதி வைத்துவிட்டார். 1945-ல் சுவீடனைச் சேர்ந்த எக்போம் இதை முழுமையாக விவரித்துப் பெயரும் வைத்தார். இதைக் காட்டிக்கொடுக்க ஸ்கேனோ ரத்தப் பரிசோதனையோ கிடையாது. நீங்கள் சொல்வதை வைத்துத்தான் டாக்டர் கண்டுபிடிக்க வேண்டும். அதனால் சொல்கிற விதம் முக்கியம். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

தலைக்கு என்னதான் ஆகிறது

மூளையின் முன்பகுதிக்குச் சில வேலைகள் உண்டு. ஒன்றில் கவனத்தை நிறுத்தி வைப்பது, ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவித் திரும்பி வருவது, வேண்டிய வார்த்தையைச் சட்டென்று எடுப்பது, நான்கு எண்களைத் தலையில் தாங்கிக்கொண்டே ஐந்தாவதைக் கூட்டுவது. தூக்கம் குறைந்தால் முதலில் அடிபடுவது இவைதான். அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் 2006-ல் இந்த நோயாளிகளுக்குச் சில சோதனைகள் வைத்தார்கள். ஒரு எழுத்தைக் கொடுத்து அதில் தொடங்கும் வார்த்தைகளை அடுக்கச் சொல்வது, எண்ணையும் எழுத்தையும் மாற்றி மாற்றிக் கோடு போட்டு இணைக்கச் சொல்வது, இந்த மாதிரி. நோய் இல்லாதவர்களைவிட இவர்கள் பின்தங்கினார்கள்.

ஆனால் 2008-ல் அதே குழு செய்ததுதான் எனக்குத் தெம்பு கொடுத்தது. இந்த முறை, நோய் இல்லாதவர்களையும் நோயாளிகள் அளவுக்கே தூக்கத்தைக் குறைக்கச் சொல்லிவிட்டு ஒப்பிட்டார்கள். வார்த்தை அடுக்கும் சோதனைகளில் நம்மவர்கள்தான் நன்றாகச் செய்தார்கள். அதாவது அரைத் தூக்கத்தில் வேலை பார்க்க நம் மூளை ஏதோ ஒரு வகையில் பழகிக்கொள்கிறது. இந்த நோயில் மூளை ஒரு மாதிரி முறுக்கேறியே இருக்கிறது என்றும் சொல்கிறார்கள். இவ்வளவு தூக்கம் கெட்டவர் பகலில் உட்கார்ந்த இடத்தில் சாய்ந்துவிட வேண்டும், ஆனால் பலருக்கு அப்படித் தூக்கம் வருவதில்லை. கண் விழித்திருக்கும், கவனம் மட்டும் நழுவும். இதுதான் நம்மைக் குழப்புகிறது. தூக்கமே வரவில்லையே, அப்புறம் ஏன் தப்பு வருகிறது என்று நினைத்து மறதி நோய் வரைக்கும் போய்விடுகிறோம்.

நான் புரிந்துகொண்டது இது: முதலாளி சொன்ன தொகை தலையிலிருந்து அழிந்துபோகவில்லை, சொல்லும்போதே உள்ளே ஏறவில்லை. ஏற வைக்க வழி செய்தால் பாதிப் பிரச்சினை தீரும். மீதிப் பாதிக்குக் காலை அடக்க வேண்டும்.

இரும்புச்சத்தில் தொடங்குங்கள்

இதை நிதானமாகப் படியுங்கள், எல்லாவற்றையும்விட இதில்தான் பலன் அதிகம். உடம்பின் அசைவைக் கட்டுப்படுத்த உதவும் டோபமைன் என்ற ரசாயனம் மூளையில் தயாராக இரும்பு வேண்டும். இந்த நோயில் மூளையின் சில பகுதிகளில் இரும்பு குறைவாக இருப்பதை ஸ்கேனிலும், இறந்தவர்களின் மூளையைச் சோதித்ததிலும் பார்த்திருக்கிறார்கள். ரத்தத்தில் இரும்பு போதுமானதாகத் தெரியும்போதுகூட மூளைக்குப் போய்ச் சேருவது குறையலாம்.

அதனால் ஹீமோகுளோபின் 12 இருக்கிறது, எனக்கு ரத்தசோகை இல்லை என்று விட்டுவிடாதீர்கள். கேட்க வேண்டிய பரிசோதனைகள் இரண்டு: உடம்பில் சேமிப்பாக இருக்கும் இரும்பைக் காட்டும் ஃபெரிட்டின், ரத்தத்தில் இரும்பைச் சுமக்கும் புரதத்தில் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று காட்டும் டிரான்ஸ்ஃபெரின் சாச்சுரேஷன். காலையில் ரத்தம் கொடுங்கள். ஏற்கெனவே இரும்பு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதற்கு முன் ஒரு நாள் முழுதும் நிறுத்திவிட்டுப் போக வேண்டும். காய்ச்சல், தொற்று, மூட்டு வீக்கம் இருக்கும் சமயத்தில் ஃபெரிட்டின் பொய்யாக ஏறிக் காட்டும், அது அடங்கிய பிறகு பாருங்கள்.

ரிப்போர்ட்டைப் படிப்பதில் ஒரு விஷயம் இருக்கிறது. பெண்களுக்கு ஃபெரிட்டின் 15, 20 இருந்தாலே 'நார்மல்' என்று லேப் அச்சடித்துக் கொடுத்துவிடும். கால் குடைச்சல் உள்ளவர்களுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. மில்லிலிட்டருக்கு 75 நானோகிராம் அல்லது அதற்குக் கீழே இருந்தாலும், சாச்சுரேஷன் 20 சதவீதத்துக்குக் குறைவாக இருந்தாலும், இரும்பு கொடுக்கலாம் என்பதுதான் இந்த நோய்க்கான மருத்துவ வழிகாட்டுதல். 75-லிருந்து 100 வரை உள்ளவர்களுக்கு மாத்திரை அவ்வளவாக ஏறாது என்பதால் நரம்பு வழியே டிரிப்ஸில் ஏற்றுவதைப் பற்றி டாக்டர் யோசிப்பார். டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்களுக்கு எல்லைகள் வேறு, அவர்கள் சிறுநீரக டாக்டரையே கேட்க வேண்டும். பரிசோதனை இல்லாமல் கடையில் வாங்கி விழுங்குவது மட்டும் கூடாது. தலசீமியா போன்ற சில நோய்களில் உடம்பில் இரும்பு ஏற்கெனவே தேங்கியிருக்கும்.

மாத்திரையைச் சாப்பிடும் விதத்தில்தான் பலருக்குப் பலன் போய்விடுகிறது. டீ, காபி, பால், கால்சியம் மாத்திரை எதுவும் அதோடு சேரக் கூடாது, முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ சேர்ந்தால் நன்றாக ஏறும். வயிறு எரிகிறது, மலம் இறுகுகிறது என்றால் நிறுத்திவிடாமல், ஒருநாள் விட்டு ஒருநாள் சாப்பிடலாமா என்று கேளுங்கள். அப்படிச் சாப்பிட்டால் உடம்பு நன்றாகவே உறிஞ்சிக்கொள்கிறது என்று தெரிந்திருக்கிறது. மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள், அவர்களுக்கு இந்த மாத்திரை விஷம்.

சாப்பாட்டில் ஆட்டு ஈரல், சுவரொட்டி, முருங்கைக்கீரை, கேழ்வரகு எல்லாம் நல்லதுதான். ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையில் சுவரொட்டியைச் சொல்லிவைத்து வாங்கி, மிளகு தூக்கலாகப் போட்டு வறுப்பேன். ஆனால் ஃபெரிட்டின் அடிமட்டத்தில் இருப்பவர்கள் சாப்பாட்டை மட்டும் நம்பினால் ரொம்பக் காலம் ஆகும். அப்புறம் இரும்பு எங்கே போகிறது என்றும் பார்க்க வேண்டும். மாதவிலக்கில் அதிகம் போகிறதா, கர்ப்பப்பையில் கட்டி இருக்கிறதா, மூலம் இருக்கிறதா, ஆண்களுக்கும் வயதானவர்களுக்கும் வயிற்றுப்புண்ணோ குடலில் கசிவோ இருக்கிறதா என்று தேடச் சொல்லுங்கள். பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். சுமார் 3 மாதம் கழித்துத் திரும்பப் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

மாத்திரைப் பெட்டியைக் கொட்டிப் பாருங்கள்

கால் குடைச்சலைக் கிளப்பிவிடும் மாத்திரைகள் சில நம் வீட்டு டப்பாவிலேயே இருக்கும். சளிக்கு வாங்கும் மாத்திரைகளில் குளோர்ஃபெனிரமின் போன்ற தூக்கம் வரவைக்கும் அலர்ஜி மருந்து கலந்திருக்கும். தூக்கம் வரும் என்று நினைத்துச் சாப்பிட்டால் அன்றைக்குக் கால் நம்மை உட்கார விடாது. வாந்திக்குக் கொடுக்கும் மெட்டோகுளோபிரமைடு, புரோகுளோர்பெரசின் அதே வகை. மனச்சோர்வுக்குத் தரும் பல மாத்திரைகளும், தலைவலிக்கும் நரம்பு வலிக்கும் எழுதித் தரும் அமிட்ரிப்டிலினும் சிலருக்கு அதிகமாக்கும். மனச்சோர்வு மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், அது ஆபத்து. கால் விஷயத்தைச் சொல்லி மாற்று உண்டா என்று எழுதிக் கொடுத்தவரையே கேளுங்கள்.

இனி தலையை மந்தமாக்கும் மாத்திரைகள். இந்த நோய்க்கு இப்போது முதலில் தருவது கபாபென்டின் அல்லது பிரிகாபலின். நன்றாக வேலை செய்யும், தூக்கமும் ஆழமாகும். ஆனால் அளவு கூடினால் மறுநாள் காலையில் தலைசுற்றல், மப்பு, வார்த்தை தேடுவது எல்லாம் இருக்கும். வயதானவர்கள் விழுந்துவிடலாம். சிறுநீரகம் சரியில்லாதவர்களுக்கு அளவைக் குறைத்தே ஆக வேண்டும். ஆகவே மாத்திரை ஆரம்பித்த தேதியையும், தலை மந்தமான தேதியையும் அருகருகே எழுதிவைத்துக் காட்டுங்கள். மாத்திரை போடும் நேரத்தையோ அளவையோ மாற்றினாலே பலருக்குச் சரியாகிவிடும். குளோனசிபாம் போன்ற தூக்க மாத்திரைகளும் மறுநாள் வரை மந்தத்தை இழுத்து வரும்.

இதே நோய்க்குத் தரும் பிரமிபெக்சோல், ரோபினிரோல் என்ற இரண்டு மாத்திரைகளைப் பற்றியும் தனியாகச் சொல்ல வேண்டும். ஆரம்பத்தில் அற்புதமாகக் கேட்கும். வருடங்கள் போகப் போக, ராத்திரி வந்த குடைச்சல் மத்தியானமே தொடங்கும், கைக்கும் பரவும். அளவைக் கூட்டக் கூட்ட இன்னும் மோசமாகும். 2025-ல் வந்த அமெரிக்கத் தூக்க மருத்துவ வழிகாட்டுதல் இவற்றை வழக்கமான சிகிச்சையாகத் தர வேண்டாம் என்றே சொல்கிறது. இன்னொன்றும் உண்டு, இதை வீட்டாரும் தெரிந்துகொள்ள வேண்டும்: சிலருக்கு இந்த மாத்திரையால் சூதாட்டம், கண்டபடி பொருள் வாங்குவது போன்ற அடக்க முடியாத ஆசைகள் வரும். அதுவரை சீட்டையே தொடாத மனிதர் திடீரென்று போனில் ரம்மி ஆடிப் பணம் இழந்தால், திட்டுவதற்கு முன்னால் மாத்திரைச் சீட்டைப் பாருங்கள். இவற்றையும் ஒரேயடியாக நிறுத்தக் கூடாது, டாக்டர் சொல்லும் விதத்தில் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

பகல் வேலையை எப்படி அடுக்குவது

இந்த நோய்க்கு ஒரு கடிகாரம் உண்டு. நள்ளிரவை ஒட்டி உச்சத்தில் இருக்கும், விடிந்த பிறகு அடங்கிவிடும். காலை நேரத்தில்தான் கால் சும்மா இருக்கும். அதனால் தலை வேண்டிய வேலையெல்லாம் மதியத்துக்குள் முடியட்டும். நான் கடை திறந்ததும் முந்தைய நாள் கேஷ் சரிபார்ப்பு, ஜிஎஸ்டி, பார்ட்டி பாக்கி மூன்றையும்தான் எடுப்பேன். ஃபைல் போடுவது, பில் குத்துவது, பாக்கி கேட்டுப் போன் பேசுவது எல்லாம் மத்தியானத்துக்கு. போன் பேசுவதை நடந்துகொண்டே பேசலாம், அது காலுக்கும் நல்லது.

எண் உள்ளே ஏற வேண்டுமென்றால் கண் மட்டும் போதாது, வாயும் கையும் சேர வேண்டும். எங்கள் கடையில் பில் போடும் பெண் "அக்கா, நான் சொல்றேன், நீங்க டிக் அடிங்க" என்று வந்து நிற்பாள். அவள் படிக்க, நான் அதே எண்ணை வாய்விட்டுத் திரும்பச் சொல்லிப் பச்சை மையில் டிக் அடிப்பேன். தனியாக இருந்தாலும் முணுமுணுத்துக்கொண்டாவது படியுங்கள். நீளமான எண்ணை உடைத்துப் படியுங்கள். ஜிஎஸ்டி நம்பரில் 15 எழுத்து, நம் மாநிலத்துக்கு 33-ல் தொடங்கும். அதை ஒரே மூச்சில் பார்த்தால் நடுவில் நழுவிவிடும். முதலில் 33, அப்புறம் ஐந்து எழுத்து, அப்புறம் நான்கு எண், கடைசியில் மிச்சம் நான்கு. நான்கு துண்டாக்கினால் எவ்வளவு களைத்த தலையிலும் நிற்கும். கன்டெய்னர் நம்பர், பேங்க் கணக்கு நம்பர் எல்லாவற்றுக்கும் இதே மாதிரிதான்.

களைத்த கண் அதிகம் செய்யும் தப்பு, பக்கத்துப் பக்கத்து எண்களை இடம் மாற்றிப் படிப்பது. 6,830 என்பதை 6,380 என்று எழுதிவிடும். இதைப் பிடிக்கக் கணக்குப் பிள்ளைகளிடம் ஒரு பழைய வழி இருக்கிறது. டேலி ஆகாமல் நிற்கும் வித்தியாசத்தை 9-ஆல் வகுத்துப் பாருங்கள். மீதியில்லாமல் வகுபட்டால் எங்கோ இரண்டு எண் இடம் மாறியிருக்க வாய்ப்பு அதிகம். மேலே சொன்னதில் வித்தியாசம் 450; 9-ஆல் வகுத்தால் சரியாக 50. அப்படி வகுபடாவிட்டால் வித்தியாசத்தைப் பாதியாக்கி, அந்தத் தொகை எங்காவது பற்றில் விழ வேண்டியது வரவில் விழுந்திருக்கிறதா என்று தேடுங்கள். மொத்தக் கணக்கையும் முதலிலிருந்து கூட்டுவதுதான் களைத்த தலைக்குப் பெரிய தண்டனை, அது தேவையே இல்லை.

ஒரு வேலை நடுவில் யாராவது கூப்பிட்டால், எழுந்துபோகும் முன் எந்த வரியில் நிற்கிறேன் என்று பென்சிலால் ஒரு கோடு போட்டுவிடுவேன். தாவித் திரும்பி வருவதுதான் நம் தலைக்குக் கஷ்டம் என்று சொன்னேன் அல்லவா, திரும்பி வர இந்தக் கோடு வழி காட்டும். வாய்வார்த்தையாகச் சொல்லும் தொகையை ஏற்காதீர்கள். "ஒரு நிமிஷம் சேட்டு, எழுதிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு எழுதி, படித்துக் காட்டுங்கள். யாரும் தப்பாக நினைப்பதில்லை, இன்னும் நம்பிக்கைதான் வருகிறது.

உட்கார்ந்தே இருக்க வேண்டாம். மேஜைக்கு அருகில் நெஞ்சு உயரத்துக்கு ஒரு பலகை இருந்தால் பேரேட்டை அதில் வைத்து நின்றுகொண்டு எழுதலாம். துணி மடிக்கும் கவுண்டரிலேயே நான் நின்று எழுதுவேன். காலடிப்பேட்டையிலிருந்து மெட்ரோவில் வரும்போது இடம் காலியாக இருந்தாலும் சாயங்காலம் நின்றுதான் வருவேன். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின் கண்ணைக் கட்டினால் 20 நிமிடத்துக்குள் ஒரு தூக்கம் போடலாம்; சாயங்காலம் தூங்கினால் ராத்திரித் தூக்கம் போய்விடும். டீயை மதியத்தோடு நிறுத்துங்கள். கடைத்தெருவில் நாலு மணி டீ வேண்டாம் என்று சொல்வது கடினம், ஆனால் சொல்லிவிட்டால் ராத்திரியில் வித்தியாசம் தெரியும். சிகரெட்டும் சாராயமும் காலை இன்னும் கிளப்பும்.

ஒரு வேண்டுகோள். சரியாகத் தூங்காத நாளில் எண்ணூர் விரைவு சாலையில் பைக் ஓட்டாதீர்கள். துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் இரண்டு பக்கமும் வரிசை கட்டி நிற்கும் அந்தச் சாலையில் ஒரு நொடி கவனம் நழுவினால் திருத்திக்கொள்ள இடம் இருக்காது. ஷிப்டு வேலைக்குப் போகும் தம்பிகள் பஸ்ஸோ ரயிலோ பிடியுங்கள். மாத்திரை புதிதாக ஆரம்பித்த, அளவு கூட்டிய நாட்களுக்கும் இதேதான்.

சாயங்காலம் காலை அடக்கத் தலைக்கு வேலை கொடுங்கள்

தலை வேலையில் மூழ்கும்போது கால் அடங்குகிறது. இது இந்த நோயின் நல்ல குணம். பலருக்கும் இப்படித்தான், டாக்டர்களும் இதைச் சொல்கிறார்கள். சும்மா டிவி முன்னால் உட்கார்ந்தால் போச்சு, அரை மணியில் ஆரம்பித்துவிடும். கை எதையாவது செய்துகொண்டிருக்க வேண்டும், தலை கணக்குப் போட வேண்டும், அடுத்தது என்ன என்று யோசிக்க வேண்டும். அப்படிப்பட்ட வேலையாக எடுங்கள்.

எனக்குக் கோலம். 15 புள்ளி, 8 வரை ஊடுபுள்ளி வைத்து, நோட்டில் சிக்குக் கோலமாகப் போடுவேன். கோடு ஒவ்வொரு புள்ளியையும் சுற்றி, எங்கும் விடுபடாமல், புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர வேண்டும். ஒரு வளைவைத் தப்பாகத் திருப்பினால் பத்துப் புள்ளி தள்ளித்தான் அது தெரியும், அதனால் கண் அதைவிட்டு நகராது. சமையல் மேடையில் நோட்டை வைத்து நின்றபடி போடுவேன். கோலம் முடிகிற வரைக்கும் காலின் நினைப்பே வராது. ஆண்களுக்கு நம் பக்கத்தில் கேரம் போர்டைவிட வேறென்ன வேண்டும்? தெருவுக்குத் தெரு கிளப் இருக்கிறது. 2024-ல் அமெரிக்காவில் நடந்த உலகக் கேரம் போட்டியில் தங்கம் வென்ற காஸிமா புது வண்ணாரப்பேட்டைப் பெண்தான்; ஆகவே பெண்களும் தாராளமாக ஆடலாம். குறுக்கெழுத்து, பேரப்பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பது, தையல் எதுவும் சரி. ஆனால் படுக்கப் போகும் நேரத்தைத் தள்ளிப்போடும் அளவுக்குப் போக வேண்டாம்.

படுக்கும் முன் சுவரில் கை வைத்து ஆடுசதையை நீட்டி இழுப்பது, வெந்நீர் ஊற்றிக்கொள்வது, அழுத்தித் தேய்ப்பது எல்லாம் சிலருக்குக் கேட்கும், சிலருக்குக் கேட்காது. செய்து பார்த்து உங்களுக்கு ஒத்துவருவதை வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை மணிக்குத் தூங்கினாலும் எழும் நேரத்தை மாற்றாதீர்கள். வீட்டாரிடமும் ஒன்றைச் சொல்லிவையுங்கள்: பீஸ் கட்ட வேண்டும், கேஸ் புக் பண்ண வேண்டும் என்பதை ராத்திரி பத்து மணிக்கு நம் காதில் போடாமல் காலண்டரில் எழுதட்டும். என் வீட்டுக்காரர் இப்போது எழுதிவிடுகிறார், "நேத்தே சொன்னேனே" என்ற சண்டையும் குறைந்துவிட்டது.

காலைத் தாண்டி வேறு ஏதாவது இருக்கிறதா

எல்லாவற்றையும் கால் மேல் போடவும் கூடாது. பலத்த குறட்டை, தூக்கத்தில் மூச்சு முட்டி எழுவது, தைராய்டு, பி12 குறைவு, எதிலும் பிடிப்பில்லாத சோர்வு எல்லாமே தலையை மந்தமாக்கும், எல்லாவற்றுக்கும் வைத்தியம் உண்டு. நன்றாகத் தூங்கிய நாட்களிலும் மறதி அதே மாதிரி இருந்தால், பழகிய தெருவிலேயே வழி தெரியாமல் நின்றால், வருடக்கணக்காகச் செய்த வேலையின் முறையே மறந்துபோனால், கேட்ட கேள்வியையே திரும்பத் திரும்பக் கேட்பதாகப் பக்கத்திலிருப்பவர்கள் சொன்னால் நரம்பியல் டாக்டரைப் பாருங்கள். நமக்குப் பக்கத்தில் அரசு ஸ்டான்லி மருத்துவமனையிலேயே நரம்பியல் பிரிவு இருக்கிறது, சென்ட்ரல் பக்கம் ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலும் இருக்கிறது. திடீரென்று வாய் குழறினால், முகம் கோணினால், ஒரு பக்கக் கை கால் விழுந்தால் அது வேறு, உடனே 108-ஐக் கூப்பிட வேண்டும்.

டாக்டரிடம் என்ன சொல்வது

ஓபியில் கூட்டம் நெருக்கும், உங்களுக்குக் கிடைப்பது சில நிமிடம்தான். "கால் வலிக்குது, மறதியா இருக்கு" என்றால் வலி மாத்திரையும் சத்து மாத்திரையும் எழுதி அனுப்பிவிடுவார்கள். அதனால் முன்கூட்டியே இரண்டு வாரத்துக்கு ஒரு நோட்டில் எழுதுங்கள்: குடைச்சல் தொடங்கிய நேரம், தூங்கிய நேரம், அன்றைக்குக் குடித்த டீ, போட்ட மாத்திரை. தலையைப் பற்றி எழுதும்போது 'மந்தம்' என்று எழுதாதீர்கள். அன்றைய கேஷ் டேலி ஆக எவ்வளவு நேரம் ஆனது, எத்தனை தடவை கூட்ட வேண்டியிருந்தது, எந்த வார்த்தை வாயில் வராமல் நின்றது என்று எழுதுங்கள். குடைச்சல் மோசமான ராத்திரிக்கு மறுநாள்தான் தலையும் மோசமா என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

பிறகு அதைப் பார்த்து ஒரு சின்னச் சீட்டு தயார் செய்யுங்கள். நான் கொண்டுபோகும் சீட்டு இந்த மாதிரி இருக்கும்:

"உட்கார்ந்தால், படுத்தால் காலை அசைக்கச் சொல்கிறது. நடந்தால் போகிறது. ராத்திரி அதிகம். அம்மாவுக்கும் இருந்தது. வாரத்தில் இத்தனை ராத்திரி. மறுநாள் எண் மாறிப் படிக்கிறேன், வேலைக்கு இவ்வளவு நேரம் கூடுதலாகிறது. சாப்பிடும் மாத்திரைகள் இவை. ஃபெரிட்டின், சாச்சுரேஷன் பார்க்க வேண்டுமா? புதிதாகத் தரும் மாத்திரை பகலில் மந்தமாக்குமா?"

கையெழுத்து பெரிதாக இருக்கட்டும், டாக்டர் கையிலேயே கொடுத்துவிடுங்கள். மூன்று மாதம் கழித்துத் திரும்பப் போகும்போது புதுச் சீட்டு வேண்டாம், அதே சீட்டின் கீழே புதிய ஃபெரிட்டினையும் இப்போது கேஷ் டேலி ஆகும் நேரத்தையும் எழுதி எடுத்துப் போங்கள்.